தானாக ஓடிய பெல்ட்

பத்து. பத்தும் இருக்கிறது. டீ வைக்கிறேன் என்று கோகிலவாணி வீட்டுக்குள் போனபோது திருமூர்த்தி பொண்டாட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் விரல்களைத்தான் எண்ணினான். வலது கையில் அஞ்சு, இடது கையில் அஞ்சு, இடது மோதிர விரலில் அந்தப் பழைய நெளி மோதிரம், நகக்கண்ணில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத இரும்புத்தூள் கறுப்பு. எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. ஆனால் நம்பினால்தானே? அவள் வாசற்படி தாண்டி மறைந்த பிறகும் வெறும் காற்றைப் பார்த்து எண்ணிக்கொண்டு நின்றான், ஒன்று ரெண்டு மூணு, ஒன்பதுக்கு வந்ததும் பயம் பிடித்து மறுபடி ஒன்றிலிருந்து. இருகூரில் அவர்கள் வீட்டை ஒட்டின கார் ஷெட் அது. கார் என்றைக்கும் நின்றதில்லை, நாலு வருஷமாகக் கத்திப் பட்டறை. கத்தி செய்கிறவள் கோகிலா, கரண்டு வேலையும் மரப்பிடி வேலையும் இவன். எதிரே அந்த பெல்ட் கிரைண்டர் ஒன்றுமே தெரியாத அப்பாவி கணக்காக நிற்கிறது. அதற்குப் பின்னால் சுவரில் மாதக் காலண்டர் பாதி கிழிந்து தொங்குகிறது, பக்கத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து முழ நீளத்துக்கு ஒரு கோடு. மூணு நிமிஷத்துக்கு முன்னால் அந்தக் கோடு அங்கே இல்லை.

நடந்தது என்னவோ இவ்வளவுதான். பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது. காற்று கொஞ்சம் சாய்ந்து அடித்தாலே போகிற கரண்ட், அதில் அதிசயம் ஒன்றுமில்லை; ஆனால் போன மாசம் வாங்கின கிரைண்டர் ஓடும்போது போனது இதுதான் முதல் தடவை. கோகிலா கத்தி ஒன்றுக்கு வாய் பிடித்து, கூர் தீட்டிக்கொண்டிருந்தாள், கிரைண்டர் முனகிக்கொண்டே நின்றது. 'சும்மாத்தானுங்களே நிக்குது, இந்த நேரத்துல பெல்ட்ட மாத்திப்போடறேன்' என்றாள். தேய்ந்துபோன, உப்புத்தாள் மாதிரியான எமரி பெல்ட்டை நெம்பிக் கழற்ற, ரப்பர் சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் நாலு விரலையும் விட்டாள். இவன் மூலையில் பிடிக்கு மரம் அறுக்க உட்கார்ந்திருந்தான். அளவு போடப் பென்சிலைத் தேடினான், காணோம். 'கோகிலா, பென்சில் எங்க?' என்றான். அவ்வளவுதான், ஒரு பென்சில். அவள் கையை வெளியே எடுத்து, காதுக்குப் பின்னால் செருகியிருந்த பென்சிலை உருவி இவன் பக்கம் நீட்டினாள். அந்தக் கை இவனை நோக்கி நீண்டிருக்கும்போது கரண்ட் வந்தது. யாரும் எதையும் தொடவில்லை, சாமி சத்தியமாக யாரும் தொடவில்லை. மோட்டார் தானாக உறுமிக்கொண்டு கிளம்பியது, பாதி கழன்றிருந்த பெல்ட்டைச் சுருட்டி இழுத்து வீசியது, அது சவுக்கு மாதிரி சுவரில் போய்ப் பளீரென்று அடித்து விழுந்தது. இவன் பாய்ந்து போய்ச் சுவரில் இருந்த மெயினை இழுத்து அணைத்தான். அணைத்துவிட்டுத் திரும்பி என்ன சொன்னான்? என்ன சொன்னான் அந்த மகராசன்? 'சுவிட்ச அணைச்சுட்டுத்தான் கைய வெக்கோணும்னு உனக்கு எத்தன தடவ சொல்றது? மூளை எங்க போச்சு?' அவள் வெளுத்துப்போய் நின்றாள். பிறகு மெதுவாகக் கையை நீட்டி, ஏற்கெனவே செத்துக்கிடந்த மிஷினின் சுவிட்சை டக்கென்று அணைத்தாள். 'ஆமாங்க' என்றாள். 'நாந்தானுங்க அணைக்காம உட்டுட்டேன். என்ர தப்புத்தான்.' சொல்லிவிட்டு டீ வைக்கிறேன் என்று போய்விட்டாள்.

அவள் தப்பா? அடேய் திருமூர்த்தி, அவள் தப்பாடா? அவன் கண் கிரைண்டரின் பக்கவாட்டில் திருகியிருக்கிற சாம்பல் நிறப் பெட்டியில் போய் ஒட்டிக்கொண்டது. மோட்டாரை மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டுகிற டிரைவ் பெட்டி அது. அவன் வாங்கி, அவன் ஒயர் இழுத்து, அவன் கையால் செட்டிங் போட்ட பெட்டி. சுவிட்ச் அணைக்கவில்லைதான், யார்தான் அணைப்பார்கள், கரண்ட் போய் நின்ற மிஷினுக்கு எவன் போய்ச் சுவிட்சை அணைக்கிறான்? வீட்டில் ஃபேன் நின்றால் சுவிட்சையா அணைக்கிறோம்? பெட்டி செய்தவனுக்கு அது தெரியும். அதனால்தான் கம்பெனியிலிருந்து வரும்போதே கரண்ட் போய் வந்தால் ஓடக்கூடாது என்று எழுபத்து நாலாம் நம்பர் செட்டிங்கில் பூஜ்யம், அதாவது சுழி போட்டு அனுப்புகிறான். சுவிட்ச் போட்டே இருந்தாலும் ஓடாது. ஒரு தடவை அணைத்து மறுபடி போட்டால்தான் ஓடும். அந்தச் சுழியை ஒன்று ஆக்கினது யார்? மோட்டார் உறுமின அந்த நொடியிலேயே அவனுக்குத் தெரிந்துபோயிற்று, வயிற்றுக்குள் எழுபத்து நாலு என்று ஒரு குரலே கேட்டது. தெரிந்த பிறகுதான் திட்டினான். அதை நினைக்க நினைக்கத்தான் உடம்பு கூசியது. தெரியாமல் திட்டியிருந்தால் கோபம் என்று விட்டுவிடலாம். இது தெரிந்து திட்டினது. உண்மை தொண்டைக்கு வருவதற்குள் நாக்கு முந்திக்கொண்டு பழியைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டது.

ஒன்று போட்டது ஏன் என்று யோசித்தால் அதற்கும் மில்தான் வந்து நிற்கிறது. ஒண்டிப்புதூர் பக்கம் நூல் மில்லில் பத்தொன்பது வருஷம் எலக்ட்ரீசியன். அங்கே ஷெட்டுக்குள் ஈரக்காற்று அடிக்கிற பெரிய ஃபேன்கள் இருபத்திரண்டு. கரண்ட் கண் சிமிட்டினால் இருபத்திரண்டும் நிற்கும், ஒவ்வொன்றாகப் போய் ஓட்டிவிடுவதற்குள் காற்று காய்ந்து அந்தக் கோடி முதல் இந்தக் கோடி வரை நூல் அறுந்து தொங்கும். திருமூர்த்திதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாப் பெட்டியிலும் ஒன்று போட்டான். மறுநாள் கரண்ட் போய் வந்ததும் இருபத்திரண்டும் தானாக எழுந்து ஓடியது பாருங்கள், மேனேஜர் எல்லார் முன்னாலும் முதுகில் தட்டினார். அந்தத் தட்டல் இன்னும் முதுகில் இருக்கிறது, கருமம். அதற்குப் பிறகு எந்தப் பெட்டியைத் திறந்தாலும் விரல் தானாக எழுபத்து நாலுக்குப் போகும், ஒன்று போடும். குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி, இது எங்கே இருக்கிற மிஷின் என்ன மிஷின் என்று கேட்காமல் போடும். மில் ஃபேன் கம்பிக்கூண்டுக்குள் இருந்தது. அங்கே எவனாவது கை விட வேண்டும் என்றால் மெயினில் தன் பூட்டைப் போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போவான். ஒவ்வொருத்தனுக்கும் பெயர் கொத்தின சிவப்புப் பூட்டு. இவனுடைய பூட்டு இப்போது எங்கே? மொட்டைமாடித் தண்ணித்தொட்டி மூடியில் தொங்குகிறது, குரங்கு திறக்காமல் இருக்க. தண்ணிக்குப் பூட்டுப் போட்ட புத்திசாலி, பொண்டாட்டி கைக்குப் போடவில்லை.

உள்ளே அடுப்புப் பற்றவைக்கிற சத்தம். ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணு தடவை லைட்டர் அடிக்கிறாள். கோகிலா ஒரே அடியில் பற்றவைக்கிறவள். பம்பு கம்பெனியில் பதிமூணு வருஷம் பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லருக்குப் பாலிஷ் பிடித்த கை அவளுடையது. எங்கே அழுத்த வேண்டும் எங்கே விட வேண்டும் என்று அதற்கே தெரியும். கத்தி தீட்டும்போது கையுறை போடமாட்டாள். 'ஏம்புள்ள, கையுறையாவது போடு' என்றால், 'சூடு எனக்குத் தெரியோணுமுங்க' என்பாள். இரும்புக்குச் சூடு ஏறிப்போனால் கத்தி வாயின் உரம் செத்துப்போகும், நீலம் பாய்ந்துவிடும். விரல் நுனியில் சுள்ளென்று ஒரு அளவு தெரியுமாம், அது வந்ததும் தண்ணியில் முக்கிவிடுவாள். எந்த மீட்டரும் அதைக் காட்டாது. அவள் கத்தியை ஓட்டல் சமையல்காரர்கள் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்றால் அந்தப் பத்து விரலால்தான். அந்த விரலில் நாலு, இன்னும் ஒரு மூச்சு நேரம் உள்ளே இருந்திருந்தால். பென்சில் இவன் கையிலேயே இருந்திருந்தால். இவன் பென்சிலைத் தேடாமல் நகத்தால் கீறி அளவு போட்டிருந்தால், பல நாள் அப்படித்தானே போடுவான். வேண்டாம், அங்கே போகாதே. ஆனால் மனசு அங்கேதான் போகிறது, புண்ணில் போய் உட்கார்கிற ஈ மாதிரி விரட்ட விரட்ட அங்கேயே வந்து உட்காருகிறது. கரண்ட் வருகிறது, அவள் கை உள்ளே. அவளுக்குத் தலை பின்னிவிடுவது யார்? சோறு பிசைவது எப்படி? அந்த நெளி மோதிரத்தை அப்புறம் எங்கே போடுவாள்? அவன் மரக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டான்.

இந்தப் பெட்டியே வேண்டாம் என்றுதான் அவள் முதலில் சொன்னாள். நினைவு இருக்கிறதா? நன்றாக இருக்கிறது. பழைய சாணைக்கல்லுக்குப் பதிலாகக் கிரைண்டர் வாங்கலாம் என்று முடிவானபோது, பக்கத்து வீட்டம்மா ரெண்டு லிட்டரா மூணு லிட்டரா என்று கேட்டாள், கோயமுத்தூரில் கிரைண்டர் என்றால் மாவு ஆட்டுவதுதானே. கோகிலா சிரித்துக்கொண்டே, 'இது இட்டிலிக்கு இல்லீங்க அக்கா, கத்திக்கு' என்றாள். அவள் கேட்டது மூணு தட்டு கப்பி வைத்த சாதாரண மிஷின். வேகம் குறைக்க வேண்டுமென்றால் மோட்டாரை நிறுத்தி, கப்பியில் பெல்ட்டைத் தட்டு மாற்றிப் போட வேண்டும். 'எனக்கு அது போதுமுங்க, நிக்கறதும் ஓடறதும் என்ர கண்ணுக்குத் தெரியும்' என்றாள். இவன் விட்டானா? மூணு வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாய், நெய்யில் வறுக்கிற மாதிரி மெதுவாகவும் வேண்டும், சரசரவென்று இழுக்கவும் வேண்டும், இந்தத் திருகை இப்படித் திருப்பினால் போதும், நான் இருக்கிறேன் இல்லையா, கண்ணை மூடிக்கொண்டு கையை வை என்றான். அப்படியே சொன்னான், கண்ணை மூடிக்கொண்டு கையை வை. முதல் நாள் திருகைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் குழந்தை மாதிரி சிரித்தாள், மெதுவாக, இன்னும் மெதுவாக, பெல்ட் நடந்து போகிற மாதிரி ஓடுகிறதே என்று. 'நல்ல வேலை பண்ணியிருக்கீங்க' என்றாள். கல்யாணமாகி இருபத்து மூணு வருஷத்தில் அவள் வாயால் வந்த பெரிய பாராட்டு அதுதான். இவன் அன்றைக்கு முழுக்க அந்தப் பெட்டிக்கு முன்னாலும் பின்னாலுமாக நடந்துகொண்டிருந்தான்.

உள்ளே டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது. 'ஏனுங்க' என்று குரல் வந்தது, சமையல்கட்டிலிருந்தே, முகம் காட்டாமல். 'வெள்ளிக்கிழமைக்குக் கத்தி கேட்ட அந்த ஓட்டல்காரருகிட்ட ஆகாதுன்னு சொல்லிப்போடுங்க.' ஏன் என்றும் அவளே சொன்னாள், 'எனக்கு இனி அதுல கை வெக்கப் பயமாருக்குதுங்க. மிஷினக் கண்டு பயமில்லீங்க. என்னையக் கண்டுதான் பயமா இருக்குது. சுவிட்ச மறந்தவ நாளைக்கு எதையெல்லாம் மறப்பனோ.' பால் பொங்குகிற சத்தம், அடுப்பைத் தணிக்கிற சத்தம். திருமூர்த்தி எழுந்தான். சொல்லிவிட வேண்டியதுதான். இப்போதே போய் நிலைப்படியில் நின்று சொல்லிவிட வேண்டியதுதான். நாலு அடி நடந்தான். போனவன் வீட்டுக்குள் போகவில்லை, மெயினைப் போட்டான். சுவிட்ச் அணைந்திருந்ததால் மோட்டார் அசையவில்லை. பெட்டியின் சின்னத் திரை மட்டும் சிவப்பாகக் கண் விழித்தது. முதலில் பார்த்துவிடலாமே, ஒருவேளை ஒன்று போட்டிருக்காமலும் இருக்கலாமே, ஒருவேளை பெட்டியே பழுதாக இருக்கலாமே, பழுது என்றால் யார் தப்பும் இல்லை, அட, யார் தப்பும் இல்லையே! பட்டனை அமுக்கினான். எழுபது, எழுபத்து ஒன்று, எழுபத்து ரெண்டு. விரல் வியர்த்து வழுக்கியது. எழுபத்து நாலு. திரையில் ஒன்று நின்றது. தடியாக, சிவப்பாக, நெட்டுக்குத்தலாக ஒரு ஒன்று.

கீழ் அம்பை ஒரு அமுக்கு அமுக்கினான். ஒன்று போய்ச் சுழி வந்தது. ஓகே. முடிந்தது. இவ்வளவுதானா? இவ்வளவுதான். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. இனி கரண்ட் ஆயிரம் தடவை போய் வந்தாலும் இது ஓடாது, கோகிலாவின் கைக்கு ஆபத்தில்லை, வேலை சுத்தம். இனி உலகத்தில் எவன் வந்து திறந்து பார்த்தாலும் சுழிதான் இருக்கும். அந்த நினைப்பு வந்ததும் உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி இறங்கியது, வெயிலில் வந்தவன் மோர் குடித்த மாதிரி. அப்புறம் அந்தக் குளிர்ச்சியைக் கண்டே பயம் வந்தது. சொல்லித்தான் ஆக வேண்டுமா? சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? கண்ணை மூடிக்கொண்டு கையை வை என்றவனை இனி நம்புவாளா? வீட்டில் இவன் போட்ட ஒயர் எத்தனை, ஹீட்டர், மோட்டார், மிக்ஸி பிளக், ஒவ்வொன்றையும் தொடும்போது நினைப்பாளே. சொல்லாவிட்டால் என்ன குறைந்துபோகும்? இனி சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கை வைப்பாள், நல்லதுதானே, ஒரு விதத்தில் நல்லதுதானே. நாலு நாளில் பயம் தெளியும். நான் கூடவே இருந்து தைரியம் சொல்லலாம். சே, என்ன மனுஷன்டா நீ. தீ வைத்தவனே தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பானா? ஆனாலும் சுழி அழகாக நின்றது. வாய் திறக்காமல், யாரையும் காட்டிக்கொடுக்காமல், வட்டமாக நின்றது.

கோகிலா வந்தாள். ரெண்டு டம்ளரையும் ஒரு தட்டில் வைத்துத் தூக்கிவந்தாள். எப்போதும் கையில்தான் பிடித்து வருவாள், சூடு அவளுக்குப் பெரிசில்லை. தட்டை மர மேஜையில் வைத்துவிட்டு, கிரைண்டருக்கு எட்டாத தூரத்தில், கதவோரமாக நின்றாள். 'எனக்கு என்னமோ ஆயிருச்சாட்ட இருக்குதுங்க' என்றாள். 'பம்பு கம்பெனில பதிமூணு வருசம் ஒரு கீறல் பட்டதில்ல. நீங்க வஞ்சது சரிதான். நல்லவேளை வஞ்சீங்க.' திருமூர்த்தி விரல்களை எண்ணப் பார்த்தான். எண்ண முடியவில்லை. அவள் ரெண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி ஒளித்துவைத்திருந்தாள். தப்புப் பண்ணின கையை வாத்தியாருக்குக் காட்டாமல் மறைக்கிற பிள்ளை மாதிரி, அந்தக் கையை, எந்தக் கையை, இத்தனை கத்தி செய்த கையை, மறைத்துக்கொண்டு நின்றாள். பத்தும் இருந்தது, ஆனால் அவன் கண்ணுக்கு ஒன்றுகூட இல்லை. அய்யோ என்றான், வாய்விட்டே சொன்னான்.

'அங்கயே நில்லு' என்றான். 'பக்கத்துல வந்துராத. பாரு.' பெட்டிக்குத் திரும்பினான். எழுபத்து நாலு. மேல் அம்பை அமுக்கினான், சுழி போய் ஒன்று வந்தது. சுவிட்சைப் போட்டான். பெல்ட் இல்லாத சக்கரம் வெறுமனே சுற்றியது. மெயினை இழுத்து அணைத்தான். சக்கரம் முனகி முனகி நின்றது, திரையின் சிவப்பு மெல்ல மங்கிச் செத்தது. ரெண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான், போலீஸைக் கண்ட திருடன் மாதிரி, நான் எதையும் தொடவில்லை பார் என்று. பிறகு ஒற்றை விரலால் மெயினை மேலே தள்ளினான். ஒரு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் மோட்டார் தானாக உறுமிக்கொண்டு எழுந்து ஓடியது. கோகிலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'நான் போட்ட செட்டிங்கு' என்று சத்தத்துக்கு மேல் கத்தினான். 'மில்லுல போட்டுப் போட்டுப் பழகி இங்கயும் போட்டுட்டேன். இது இல்லாம இருந்தா நீ சுவிட்ச மறந்தாலும் ஓடாது. உன்ர தப்பு இல்ல கோகிலா. உன்ர தப்பே இல்ல.' சுவிட்சை அணைத்தான். சக்கரம் நின்றது. அவன் காதில் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

கோகிலா அழுவாள் என்று நினைத்தான், அழவில்லை. கத்துவாள் என்று நினைத்தான், அதுவும் இல்லை. முந்தானையை உதறிவிட்டுக் கிட்டே வந்தாள். 'எந்தப் பொத்தான்?' என்றாள். அவன் விரலை நீட்டப்போனான். 'நீங்க கைய எடுங்க. சொல்லுங்க, நான் அமுக்கறேன்.' சொன்னான். எழுபத்து நாலு வரைக்கும் ஒவ்வொன்றாக அவளே போனாள். கீழ் அம்பை அவளே அமுக்கினாள். ஒன்று போய்ச் சுழி வந்தது. விரல் இப்போது தடுமாறவில்லை என்பதைப் பார்த்தான், பார்க்கக்கூட உரிமை இல்லாதவன் மாதிரி ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் சுவிட்சைப் போட்டாள், சக்கரம் ஓடியது. மெயினை அவளே அணைத்தாள். திரை மங்கும் வரைக்கும் பொறுத்து, மறுபடி அவளே போட்டாள். ரெண்டு பேரும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது ஓடவில்லை. வெளியே ரோட்டில் பால்வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது ஓடவே இல்லை.

'சுவிட்சு போட்டேதானுங்க இருக்குது' என்றாள், அந்தச் சுவிட்சின் மேல் விரலை வைத்து.

'ஆமா' என்றான்.

'சுவரில பெல்ட்டு அடிச்சப்பவே உங்களுக்குத் தெரியுமா?'

தெரியாது என்று சொல்லலாம். இன்னும் சொல்லலாம். 'தெரியும்' என்றான்.

கோகிலா திரும்பி, வந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

'அப்பறம் எதுக்குங்க என்னைய வஞ்சீங்க?'

திருமூர்த்தி வாயைத் திறந்தான். இந்தத் தடவை நாக்கு முந்திக்கொண்டு பொய் சொல்லவில்லை. 'என்ர தப்புன்னு ஒத்துக்கப் பயந்துட்டேன்' என்றான்.